என்செலடஸ் கக்கும் நீராவியில் எவ்வளவு சனியின் காந்தமண்டலத்தைச் சேர்கிறது?

பெருந்துறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பனி நிலவுகள் தம் கோளின் காந்தமண்டலத்துக்கு, அதாவது கோளின் காந்தப்புலம் ஆளும் வெளிக்கு, வாயுக்களை எவ்வாறு வழங்குகின்றன என்பது பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். குறிப்பெடுக்கும்போது இரண்டு எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. சனியின் நிலவான என்செலடஸ் வினாடிக்கு ஏறத்தாழ 300 கிலோ நீராவியைக் கக்குகிறது என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவீடு சொல்கிறது. நாளொன்றுக்கு அது கிட்டத்தட்ட 26,000 டன். வியாழனின் நிலவான யூரோப்பாவிலோ நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் ஆக்சிஜன்தான் உருவாகிறது என்று ஜூனோ விண்கலத்தின் முடிவு சொல்கிறது. என்செலடஸின் விட்டம் 504 கிலோமீட்டர். யூரோப்பாவின் விட்டம் 3,100 கிலோமீட்டருக்கும் மேல். சிறியது அள்ளி வழங்குகிறது, பெரியது கிள்ளிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மின்சுமை ஏறிய அணுக்களும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மா அடர்ந்து கிடப்பது வியாழனின் காந்தமண்டலத்தில்தான், சனியில் அன்று என்கிறார்கள். அப்படியானால் சனியில் இந்த 26,000 டன்னும் எங்கே போகிறது?

காங்கேயம் ஆசிரியர்

அம்மிணி, நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டு எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. ஒன்று, நிலவை விட்டு வெளியேறும் நீராவி. மற்றொன்று, பனித்தரையில் உருவாகும் ஆக்சிஜன். காந்தமண்டலத்துக்கு வேண்டியது இவ்விரண்டும் அன்று. வெளியேறியதில் அயனியாக மாறும் பங்குதான் அதற்குக் கணக்கு. மின்சுமை இல்லாத நீர் மூலக்கூறு சனியின் காந்தப்புலத்தின் நடுவிலேயே மிதந்தாலும் அதற்கு அந்தப் புலம் இருப்பதே தெரியாது. சனியின் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு, ஒரு குட்டி நிலவைப் போலத் தன் பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் எலக்ட்ரானை இழந்த நொடியில்தான் காந்தப்புலம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கருத்தரங்கில் விளக்க ஒரே ஒரு மூலக்கூறின் பயணத்தைச் சொன்னால் போதும் என்பது என் எண்ணம். என்செலடஸின் தென்துருவத்தில் புலிவரிகள் என்று அழைக்கப்படும் நான்கு நீண்ட பிளவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 130 கிலோமீட்டர் நீளம். டயோன் என்ற நிலவு ஒரு முறை சுற்றுவதற்குள் என்செலடஸ் இரு முறை சுற்றிவிடுவதால் அதன் பாதை முழு வட்டமாக மாற முடியாமல் சற்றே நீண்டிருக்கிறது. அதனால் எழும் ஓத விசை உள்ளே இருக்கும் கடலை உறையவிடாமல் வைத்திருக்கிறது. நம் மூலக்கூறு அந்தப் பிளவு ஒன்றின் வழியே வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. என்செலடஸின் பிடியிலிருந்து தப்ப வினாடிக்கு 240 மீட்டர் வேகமே போதும் என்பதால், அது திரும்பித் தரையில் விழுவதில்லை. ஆனால் சனியின் பிடியிலிருந்து தப்பும் வேகம் அதற்கு இல்லை. ஆகவே நிலவின் பாதையை ஒட்டியே, சனியின் மையத்திலிருந்து சுமார் 2,38,000 கிலோமீட்டர் தொலைவில், வினாடிக்கு 12.6 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றத் தொடங்குகிறது. அப்படி வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சுற்றும் எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்ததே சனியைச் சூழ்ந்த நீராவி வளையம்.

இனித்தான் காந்தப்புலம் நுழைகிறது. சனி சுமார் பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது; அதன் காந்தப்புலமும் அதில் சிக்கிய அயனிகளும் உடன் சுற்றுகின்றன. என்செலடஸின் தொலைவில் அந்தச் சுழற்சிக்கு முழுதாக ஈடுகொடுக்க வினாடிக்கு 39 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதாவது நிலவையும் நம் மூலக்கூறையும் பின்னாலிருந்து வினாடிக்கு 26 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓர் அயனிக் காற்று முந்திக்கொண்டு போகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரோ, வேகமான எலக்ட்ரான் ஒன்றோ மோதி நம் மூலக்கூறு அயனியாகிவிட்டால், காந்தப்புலம் அதைச் சட்டென்று இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அந்த ஒரே இழுப்பில் அது பெறும் ஆற்றல், துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகில், 60 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். இந்த ஆற்றலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வியாழனைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

உடுமலை நோக்கர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தோடு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நீராவித் தாரையை முதலில் காட்டிக்கொடுத்தது நிழற்படக் கருவி அன்று, காந்தமானி. காசினி விண்கலம் 2005 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் என்செலடஸைக் கடந்தபோது, சனியின் காந்தப்புலக் கோடுகள் அந்த நிலவைச் சுற்றி வளைந்து போவதை 11 மீட்டர் நீளத் தண்டில் பொருத்திய காந்தமானி பதிவு செய்தது. காற்றே இல்லாத வெறும் பனி உருண்டையாக இருந்தால் புலம் அப்படி வளைய வேண்டியதில்லை. மிஷேல் டோகர்ட்டி தலைமையிலான காந்தமானிக் குழு, அடுத்த முறை இன்னும் நெருங்கிச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தியதால், 2005 ஜூலை 14 அன்று காசினி 173 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிப் பறந்தது. வாயு தென்துருவத்திலிருந்து மட்டுமே வருகிறது என்பது அப்போதுதான் உறுதியானது. கண்ணைக் கவரும் தாரைப் படங்கள் அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தன. நூல்களும் காணொளிகளும் படத்தையே முன்னிறுத்துவதால் காந்தமானிக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. நிலவு காந்தமண்டலத்துக்கு வாயு தருகிறது என்ற செய்தியே காந்தமண்டலத்தின் வழியாகத்தான் நம்மை வந்தடைந்தது என்பதை மாணவி தம் உரையில் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பேன்.

வினாடிக்கு 300 கிலோ என்பது, அணையில் நீர் திறக்கும் செய்தியை நாள்தோறும் படிக்கும் நம்மவர்களுக்கு வினாடிக்குப் பத்தரை கன அடி. கேட்பவர்களுக்கு இந்த அளவில் சொன்னால் உடனே விளங்கும்.

பீளமேடு பட்டறைக்காரர்

நான் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். இயற்பியல் பட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் ஓர் ஐயம். புதிதாகப் பிறக்கும் ஒவ்வோர் அயனியையும் காந்தப்புலம் இழுத்துத் தன் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், அது ஓடும் மோட்டாரின் மேல் மேலும் மேலும் சுமை ஏற்றுவதற்குச் சமம் அல்லவா? எங்கள் பட்டறையில் சுமை கூடினால் புல்லியில் பெல்ட் வழுக்கும். மோட்டார் அதே வேகத்தில் ஓடும், பம்பு மட்டும் பின்தங்கும். சனியிலும் அப்படி ஏதாவது வழுக்குகிறதா, இல்லை மோட்டாரே வேகம் குறைகிறதா?

கோபி ஆய்வாளர்

பட்டறைக்கார அண்ணா கேட்டது இந்தத் துறையின் நடுநாயகமான கேள்வி. இரண்டுமே நடக்கின்றன; ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கோள்தான் மோட்டார், காந்தப்புலக் கோடுகள்தான் பெல்ட், அயனிகள்தான் சுமை. வழுக்கும் இடம் சனியின் மேல்வளிமண்டலத்தில் இருக்கும் அயனிமண்டலம். அங்கே மின்கடத்தும் திறன் ஓரளவுதான் என்பதால், கோள் தன் சுழற்சியை முழுவதுமாக மேலே கடத்த முடிவதில்லை. சுமை ஏறியதும் பிளாஸ்மா பின்தங்குகிறது. பின்தங்கிய பிளாஸ்மாவை முன்னே தள்ள, புலக்கோடுகள் வழியாகக் கோளுக்கும் நிலவுக்கும் இடையே மின்னோட்டம் பாய்கிறது. கோளின் சுழற்சியிலிருந்து கோண உந்தம் எடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் சனியின் நிறையோடு பார்த்தால் அதை அளக்கவே முடியாது.

அந்த மின்னோட்டத்தின் தடத்தைக் கண்ணாலும் கண்டிருக்கிறார்கள். புலக்கோடு சனியைத் தொடும் இடத்தில் எலக்ட்ரான்கள் விழுந்து புற ஊதாவில் ஒரு சிறு துருவ ஒளிப் புள்ளியைத் தோற்றுவிக்கின்றன. காசினி அதை 2008இல் பதிவு செய்தது. 2011இல் முடிவு வெளியானது. வியாழனில் அயோ, யூரோப்பா, கானிமீடு ஆகிய மூன்று நிலவுகளுக்கும் இதைப் போன்ற ஒளித்தடங்கள் முன்பே அறியப்பட்டவை. சனியில் அந்தப் புள்ளி மங்கலாகவும், சில வேளை தெரிந்தும் பல வேளை தெரியாமலும் இருக்கிறது.

பெல்ட் உவமை ஓரிடத்தில் நின்றுவிடும். பம்பில் ஏற்றிய சுமை அங்கேயே இருக்கும். இங்கே சுமை வெளியே நழுவிப் போகிறது. கோளோடு சேர்ந்து சுழலும் கனமான பிளாஸ்மாவை மையவிலக்கு விசை வெளிப்புறம் தள்ளுகிறது. குளிர்ந்த, அடர்ந்த பிளாஸ்மா வெளியே போக, அதற்கு ஈடாக வெளியிலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பிளாஸ்மா விரல் விரலாக உள்ளே நுழைவதைக் காசினி திரும்பத் திரும்பப் பதிவு செய்தது. வெளியே போனது இறுதியில், சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும் காந்தவாலில் புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது பெரும் பொதிகளாகக் கிள்ளப்பட்டுச் சூரியக் காற்றோடு கலந்துவிடுகிறது. பூமியின் காந்தமண்டலத்தைச் சூரியக் காற்று வெளியிலிருந்து ஆட்டுவிக்கிறது என்றால், வியாழனையும் சனியையும் பெருமளவில் உள்ளிருந்து இந்தச் சுமையும் சுழற்சியும் ஆட்டுவிக்கின்றன.

உடுமலை நோக்கர்

அப்படியானால் சனியின் நாளின் நீளம் குறித்த குழப்பத்துக்கும் இதுவே காரணம் என்று சொல்லலாமா? 1980-81இல் வாயேஜர் கலங்கள் சனியின் ரேடியோ அலைத்துடிப்பை வைத்து ஒரு நாள் 10 மணி 39 நிமிடம் என்றன. காசினி போய்ச் சேர்ந்தபோது அதே துடிப்பு ஏறத்தாழ 6 நிமிடம் நீண்டிருந்தது. ஒரு கோளின் உள்ளகம் இருபதாண்டுகளில் அவ்வளவு வேகம் குறைய வாய்ப்பே இல்லை.

கோபி ஆய்வாளர்

என்செலடஸ் ஏற்றும் சுமையால் பிளாஸ்மா வழுக்குகிறது, அந்த வழுக்கல்தான் ரேடியோத் துடிப்பை நீட்டுகிறது என்ற கருத்து 2007இல் முன்வைக்கப்பட்டது. அழகான கருத்து, ஆனால் அதோடு நிற்க முடியவில்லை. வடதுருவத்துக்கு ஒரு துடிப்பும் தென்துருவத்துக்கு வேறொரு துடிப்பும் இருப்பதும், அவை பருவத்தோடு மாறுவதும் பின்னர் தெரியவந்தன. ஒரே நிலவு ஏற்றும் சுமை இரு துருவங்களுக்கும் வெவ்வேறு கால அளவைத் தருவதற்குக் காரணம் சொல்வது கடினம். மேல்வளிமண்டலக் காற்றோட்டங்களின் பங்கு அங்கே பெரிது என்றே நான் கருதுகிறேன். உள்ளகத்தின் சுழற்சியை 2019இல் வளையங்களில் எழும் அலைகளைக் கொண்டு 10 மணி 33 நிமிடம் 38 வினாடி என்று கணித்தார்கள். ரேடியோத் துடிப்பை நாளாக எடுத்துக்கொண்டது எவ்வளவு தள்ளிப்போனது என்பதை அந்த எண் காட்டுகிறது.

பெருந்துறை மாணவி

பிளாஸ்மா வெளியேறும் வழி புரிந்தது, அக்கா. ஆனால் 300 கிலோவில் எவ்வளவு அயனியாகிறது, மீதி என்னவாகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. அயோவைப் பற்றிப் படிக்கும்போது, அங்கே வினாடிக்கு ஒரு டன் வெளியேறுகிறது என்று இருக்கிறது. அது மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வியாழனில் அயனிகள் மின்சுமையற்ற அணுக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றும், சனியிலோ மின்சுமையற்றவை அயனிகளைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அதிகம் என்றும் பார்த்தேன். கணக்குத் தலைகீழாக இருக்கிறதே?

காங்கேயம் ஆசிரியர்

தலைகீழாக இருப்பதற்குத்தான் அந்த 60 எலக்ட்ரான் வோல்ட்டை நினைவில் வைக்கச் சொன்னேன். அயோ பனி நிலவன்று; எரிமலைகளின் கந்தக டை ஆக்சைடுதான் அதன் சரக்கு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் சுழல்கிறது, அயோ இருக்கும் தொலைவும் அதிகம். ஆகவே அங்கே அயனிக் காற்று அயோவை வினாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் முந்துகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், புதிதாகப் பிறக்கும் ஆக்சிஜன் அயனிக்கு 270 எலக்ட்ரான் வோல்ட்டும், கந்தக அயனிக்கு அதன் இரு மடங்கும் கிடைக்கின்றன. இந்த ஆற்றலில் ஒரு பகுதி எலக்ட்ரான்களுக்குக் கைமாறி அவற்றைச் சூடாக்குகிறது. சூடான எலக்ட்ரான்கள் மேலும் பல அணுக்களை அயனியாக்குகின்றன. அயனியானது அயனியைப் பெருக்கும் சுழற்சி அது. என்செலடஸில் கிடைக்கும் ஆற்றல் அந்தச் சுழற்சியை மூட்டிவிடப் போதாது. அங்கே எலக்ட்ரான்கள் குளிர்ந்தே கிடக்கின்றன.

அதோடு நீருக்கென்று ஒரு தனிக் குணமும் இருக்கிறது. நீர் அயனி குளிர்ந்த எலக்ட்ரான் ஒன்றைச் சந்தித்தால் அதை ஏற்றுக்கொண்டு அந்த வேகத்திலேயே உடைந்து, மின்சுமையற்ற துண்டுகளாகிவிடும். தனி ஆக்சிஜன் அணுவின் அயனிக்கும் கந்தக அயனிக்கும் இது எளிதில் நடப்பதில்லை. ஆக, சனியில் அயனியாவதும் மெதுவாக நடக்கிறது, அயனியானதும் நீடிப்பதில்லை.

மூன்றாவதாக மின்சுமைப் பரிமாற்றம் என்று ஒன்று உண்டு. வேகமாக ஓடும் அயனி, மெதுவாகச் சுற்றும் நீர் மூலக்கூறை உரசிச் செல்லும்போது அதன் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. வேகமானது மின்சுமை நீங்கிக் காந்தப்புலத்தின் பிடியிலிருந்து விடுபடுகிறது. மெதுவானது அயனியாகி அகப்பட்டுக்கொள்கிறது. அயனிகளின் எண்ணிக்கை ஒன்றும் கூடவில்லை, ஆனால் இழுக்க வேண்டிய சுமை மட்டும் மீண்டும் புதிதாக வந்துவிட்டது. விடுபட்டது வினாடிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் இருந்தால், அந்தத் தொலைவில் சனியின் ஈர்ப்பால் அதை நிறுத்த முடியாது; சனி மண்டலத்தை விட்டே போய்விடும். உங்கள் 26,000 டன்னில் கணிசமான பகுதி காந்தமண்டலத்தில் தங்காமல் கைநழுவுவது இந்த வழியில்தான். ஒரு முறை அயனியாவது என்பதும் காந்தமண்டலத்தில் நிலைத்திருப்பது என்பதும் வேறு வேறு.

உடுமலை நோக்கர்

இங்கே எண்களைச் சற்றுக் கறாராகப் பார்க்க வேண்டும். வெப் தொலைநோக்கியின் 2022ஆம் ஆண்டு நோக்கலில் தாரை 9,600 கிலோமீட்டருக்கும் அப்பால் நீண்டிருந்தது; வெளியேறும் நீரில் சுமார் 30 விழுக்காடு நீராவி வளையத்தில் தங்குவதாகவும் 70 விழுக்காடு சனி மண்டலத்தின் பிற பகுதிகளுக்குப் பரவுவதாகவும் 2023இல் வெளியான முடிவு கூறுகிறது. 'தங்குகிறது' என்றால் அயனியாகிறது என்று பொருளல்ல; 'பரவுகிறது' என்றால் வீணாகிறது என்றும் பொருளல்ல. பரவுவதில் ஒரு பங்கு வளையங்களின் மீதும் மற்றப் பனி நிலவுகளின் மீதும் படிகிறது. மூன்று முதல் ஐந்து விழுக்காடு சனியின் மீதே விழுகிறது. சனியின் மேல்வளிமண்டலத்தில் நீர் இருப்பது 1997இலேயே அகச்சிவப்பு அளவீட்டில் தெரிந்திருந்தும், அது எங்கிருந்து வருகிறது என்பது விளங்காமல் இருந்தது. ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி 2011இல் நீராவி வளையத்தை நேரடியாகக் கண்ட பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அதற்கும் முன்னால், 1993இல் ஹபிள் சனியைச் சுற்றி, நீர் உடைந்து பிறக்கும் ஹைட்ராக்சில் முகிலைக் கண்டபோது, அவ்வளவு நீரை எது தருகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நிலவுகளின் பனித்தரையில் அயனிகள் மோதித் தெறிப்பதைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தாரைதான் அந்தத் துண்டை நிரப்பியது.

தாரையும் எப்போதும் ஒரே அளவில் பீறிடுவதில்லை. சனியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும்போது பிளவுகள் அகலத் திறந்து, பனித்துகள் தாரை பன்மடங்கு பிரகாசிக்கிறது.

சென்னிமலை வாசகர்

எல்லோரும் என்செலடஸிலேயே நிற்கிறீர்கள். சனியின் மற்றொரு நிலவான டைட்டன் என்ன ஆயிற்று? பூமியைவிட அடர்ந்த வளிமண்டலம் அதற்கு இருக்கிறது. வாயு தருவதில் அதுதானே முன்னே நிற்க வேண்டும்?

கோபி ஆய்வாளர்

காசினி புறப்படுவதற்கு முன் பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். காந்தமண்டலம் முழுவதும் டைட்டனின் நைட்ரஜன் அயனிகள் நிறைந்திருக்கும் என்று எண்ணினார்கள். போய்ப் பார்த்தால் எங்கும் நீரின் அயனிகள்தான்: ஆக்சிஜன், ஹைட்ராக்சில், நீர், ஹைட்ரோனியம். நைட்ரஜன் இருந்தது, ஆனால் சிறிதளவே. உள்பகுதியில் காணப்பட்டதற்கோ என்செலடஸ் தாரையிலுள்ள அம்மோனியாவே மூலம் என்று கொள்ளப்படுகிறது. டைட்டன் பெரியது, அதன் ஈர்ப்பு தன் வளிமண்டலத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மேலும் அது சனியின் ஆரத்தைப்போல் இருபது மடங்கு தொலைவில், காந்தமண்டலத்தின் விளிம்பருகே சுற்றுகிறது. அங்கே வெளியேறும் வாயு உள்ளே வந்து சேர்வதற்குள் காந்தவால் வழியே போய்விடுகிறது. எவ்வளவு வைத்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு எளிதில் விட்டுவிடுகிறது, எந்த இடத்தில் விடுகிறது என்பவையே இங்கே செல்லும்.

பெருந்துறை மாணவி

கடைசியாக யூரோப்பாவின் 1,000 டன்னுக்கு வருகிறேன். அது தரையில் உருவாகும் அளவு மட்டுமே என்றால், அதில் வியாழனின் காந்தமண்டலத்தைச் சேர்வது எவ்வளவு?

கோபி ஆய்வாளர்

யூரோப்பாவில் வாயு வரும் வழியே வேறு. வியாழனின் காந்தமண்டலத்தில் ஏற்கெனவே இருக்கும் வேகமான அயனிகளும் எலக்ட்ரான்களும் பனியைத் தாக்கி நீர் மூலக்கூறுகளை உடைக்கின்றன. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிறக்கின்றன. அந்த அயனிகளில் பெரும்பகுதி அயோ தந்தவை என்பதால், ஓர் எரிமலை நிலவு ஒரு பனி நிலவிலிருந்து வாயுவைக் கறக்கிறது என்றே சொல்லலாம். என்செலடஸ் உள்வெப்பத்தால் தானாகக் கக்குகிறது. யூரோப்பா அடிவாங்கித் தருகிறது. கானிமீடு தனக்கென்று ஒரு காந்தப்புலம் வைத்திருப்பதால் அங்கே அடி விழுவதும் பெருமளவில் துருவப் பகுதிகளில்தான்.

இலேசான ஹைட்ரஜன் எளிதில் தப்பி, யூரோப்பாவின் பாதையை ஒட்டி ஒரு வளையமாகப் பரவுகிறது. கனமான ஆக்சிஜன் பெரும்பாலும் மெல்லிய வளிமண்டலமாகத் தங்கும், அல்லது பனிக்குள்ளேயே சிறைப்படும். ஜூனோ 2022 செப்டம்பர் 29 அன்று யூரோப்பாவிலிருந்து 352 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, அதிலிருந்த துகள் கருவி புதிதாகப் பிறந்த ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிகளை அளந்தது. தப்பிய ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரிந்தால், அதற்கு ஈடாக உருவாகியிருக்க வேண்டிய ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடலாம். அப்படிக் கிடைத்ததுதான் வினாடிக்கு 12 கிலோ, கூடக் குறைய 6 கிலோ. 2024இல் அது வெளியாகும் வரை, வினாடிக்குச் சில கிலோ முதல் ஆயிரம் கிலோவுக்கும் மேல் வரை மதிப்பீடுகள் சிதறிக் கிடந்தன. ஆகவே உங்கள் அட்டவணையில் 1,000 டன்னை என்செலடஸின் 26,000 டன்னுக்கு எதிரே எழுதாதீர்கள். அதற்கெதிரே எழுதத் தக்கது தப்பிச் செல்லும் ஹைட்ரஜன்தான். நீரின் நிறையில் ஆக்சிஜனுக்கு எட்டுப் பங்கு என்றால் ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு என்பதால், அது வினாடிக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டியே வரும்.

ஜூனோவின் அளவு ஒரே ஒரு கடப்பில் கிடைத்தது என்பதையும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவைப் பல முறை நெருங்கிக் கடக்கும்; காந்தமானியும் பிளாஸ்மாக் கருவியும் அதில் இருக்கின்றன.

பெருந்துறை மாணவி

நன்றி, அக்கா. ஐயாவுக்கும் நன்றி. அட்டவணையில் உருவாவது, வெளியேறுவது, அயனியாவது என்று மூன்று நிரல்களைத் தனித்தனியே போட்டுவிடுகிறேன். யூரோப்பாவுக்கு முதல் நிரலில் 12, இரண்டாவதில் ஹைட்ரஜன் மட்டும். என்செலடஸுக்கு இரண்டாவதில் 300. மூன்றாவதில் ஒற்றை எண்ணாகப் போடாமல், வினாடிக்கு நூறு கிலோவைத் தொடாது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்வதையும் இருநூறைத் தாண்டும் என்று மறுசாரார் சொல்வதையும் சேர்த்து ஒரு வீச்சாகவே காட்டுகிறேன். பட்டறைக்கார அண்ணா ஒப்புக்கொண்டால், அந்தப் பெல்ட் படத்தை அவர் சொன்னதாகக் குறிப்பிட்டே உரையில் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பீளமேடு பட்டறைக்காரர்

தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அம்மிணி. வழுக்கும் இடம் நிலவு அருகில் இல்லை, கோளின் பக்கத்துப் புல்லியில் இருக்கிறது என்பதை மட்டும் படத்தில் சரியாகக் காட்டுங்கள். பார்ப்பவர்கள் முதலில் தவறுவது அங்கேதான்.